சத்தம் இல்லாமல் உறிஞ்சும் முறை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அந்தப் பேரவையில் ஒருவர்கூடக் கெட்டவர் இல்லை. கெட்டவர்களாக இருந்திருந்தால் முதல் நாளே முடியாது என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள். நாங்களும் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு வந்து சேர்ந்திருப்போம். எல்லோரும் ஒழுக்கசீலர்கள். அதனால் மூன்று வாரம் இழுத்தது.

நான் குன்னூருக்குப் பக்கத்தில் ஒரு டீ ஃபேக்டரியில் கிளார்க். ராஜகுமாரி எங்கள் டேஸ்டிங் ரூமில் பதினான்கு வருஷமாகக் கோப்பை கழுவி வெந்நீர் ஊற்றிக் கொடுக்கிறவள். டீயை டேஸ்ட் பார்ப்பது என்றால் நாமெல்லாம் நினைக்கிற மாதிரி கப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பனியை வேடிக்கை பார்ப்பது அல்ல. ஸ்பூனில் எடுத்து, காற்றையும் சேர்த்து, 'சர்ர்ர்' என்று ஒரே இழுப்பாக உறிஞ்ச வேண்டும். டீ அண்ணத்தில் மோதி மூக்கு வரைக்கும் வாசனை ஏற வேண்டும். உடனே பக்கத்துத் தொட்டியில் துப்பிவிட வேண்டும். சத்தம் வராமல் உறிஞ்சினால் காற்று உள்ளே போகாது, காற்று போகாவிட்டால் ருசி பிடிபடாது. துப்பாமல் விழுங்கினால் முப்பதாவது கோப்பையில் ஆளே கவிழ்ந்துவிடுவார்.

எங்கள் பழைய டேஸ்டர் ஜெர்சன் சார் ரிட்டயர் ஆகிப் போன பிறகு ரெண்டு மாசம் ராஜகுமாரிதான் பார்த்தாள். அந்த ரெண்டு மாசத்தில் ஒரு மூட்டைகூடத் திரும்பி வரவில்லை. அப்போதுதான் எங்கள் தூளை வாங்குகிற வியாபாரிகளிடமிருந்து கடிதம் வந்தது: அடுத்த மாதம் ஒன்றாம் தேதி முதல், 'மலைத் தேயிலைச் சுவைஞர் நன்னெறிப் பேரவை'யின் சான்றிதழ் பெற்ற டேஸ்டர் கையெழுத்துப் போட்டால்தான் சரக்கு எடுப்பார்களாம்.

சான்றிதழ் கிடைத்தால் ராஜகுமாரி டேஸ்டர். கிடைக்காவிட்டால் வெளியிலிருந்து ஒரு டேஸ்டர் தன் உதவியாளோடு வருவார், இவள் வேலை போகும். வேலையோடு குவார்ட்டர்ஸும் போகும். அவள் புருஷன் பாலன், இலை லாரியிலிருந்து விழுந்து இடுப்பு உடைந்தவன், அந்தக் குவார்ட்டர்ஸ் கட்டிலில்தான் எட்டு மாதமாகப் படுத்திருக்கிறான்.

"ஏனுங்க, பேரவைல இருக்கறவங்க பூரா நமக்குப் பழகினவங்கதான்," என்றார் மேனேஜர் குமாரசாமி. "நாக்கு நல்லா இருந்தா சட்டுனு கொடுத்துருவாங்க. நீங்களும் கூடப் போயி எழுத வேண்டியதை எழுதிக் கொடுத்துட்டு வாங்க." இப்படித்தான் நான் இந்த வம்பில் மாட்டினேன்.

பேரவை மண்டபம் மேல்மாடியில் இருந்தது. தகரக் கூரை. சுவரில் 'ஒழுக்கமே சுவை' என்று பச்சை எழுத்தில் எழுதியிருந்தது. நீள மேஜையில் நாற்பது கோப்பைகள், ஒவ்வொன்றையும் ருசி பார்த்துத் தூளின் தரத்தை, அதாவது கிரேடை, எழுத வேண்டும். ஏப்ரன் கட்டிய ஆண் உறுப்பினர்கள் நான்கு பேரும் தொடக்க மரியாதையாக ஆளுக்கொரு வரிசையை உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். தலைவர் வெள்ளியங்கிரியின் உறிஞ்சல் பிரசித்தி பெற்றது. கீழே கடைக்காரர்கள் அதை வைத்துத்தான் கூட்டம் தொடங்கிவிட்டது என்று தெரிந்துகொள்வார்களாம். துப்புவதிலும் மனிதர் கெட்டிக்காரர், நான்கடி தள்ளி நின்று தொட்டிக்குள் போடுவார்.

"ஆரம்பிம்மா," என்றார்.

ராஜகுமாரி புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு முதல் கோப்பையில் ஸ்பூனை விட்டாள். சர்ர்ர். தொட்டியில் துப்பினாள். நான்கு ஸ்பூன்களும் நின்றுபோயின. ஓர் உறுப்பினர் அவசரமாக எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினார்.

"என்னம்மா சத்தம் அது?" என்றார் வெள்ளியங்கிரி.

"டேஸ்ட் பாத்தேங்க ஐயா."

"அது தெரியுது. சத்தம் எதுக்குன்னு கேக்கறேன்."

"நீங்களும் அப்படித்தானுங்களே பாத்தீங்க..."

வெள்ளியங்கிரி கோபப்படவில்லை. நல்ல மனிதர் என்றேனே. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பொறுமையாக விளக்கினார்.

"பாரும்மா, நான் முப்பத்தஞ்சு வருசமா உறிஞ்சறேன். நான் உறிஞ்சினா கேக்கறவன் தூளு எப்படி இருக்குமோன்னு நெனைப்பான். நீ உறிஞ்சினா தூளை நெனைக்க மாட்டான். வேற என்னத்த நெனைப்பான்னு எனக்கு நல்லாத் தெரியும். ஏன்னா, இப்ப நானே அதத்தான் நெனைச்சேன். பேரன் பேத்தி எடுத்தவன், ஒழுக்கத்துக்குன்னு ஒரு பேரவைய நடத்தறவன், எனக்கே அப்படி ஒரு எண்ணம் வந்துருச்சுன்னா தப்பு எங்க இருக்குது சொல்லு? சத்தம் போட்டவங்ககிட்டத்தானே?"

உறுப்பினர்கள் தலையாட்டினார்கள். வெள்ளியங்கிரி என்னைப் பார்த்து, "எழுதிக்குங்க," என்றார். எழுதினேன். 'தலைவருக்குத் தவறான எண்ணம் தோன்றியது. பொறுப்பு: விண்ணப்பதாரர்.'

அதுவரை ஸ்பூனைத் தொடாமல் ஓரமாக உட்கார்ந்திருந்த மகளிர் மாண்பு உறுப்பினர் வேலாமணி அம்மாள் ராஜகுமாரியின் கையைப் பிடித்துக்கொண்டார். கோயமுத்தூரிலிருந்து கல்யாணமாகி மலைக்கு வந்தவர், சொந்தமாக ரெண்டு ஃபேக்டரி இருக்கிறது. "நானும் பொம்பளதான் கண்ணு, உன் கஷ்டம் தெரியாதா? எனக்குக் கல்யாணமாகி இருபத்தெட்டு வருசம். நான் டீ குடிக்கற சத்தத்த எங்கூட்டுல ஒருத்தரும் கேட்டதில்ல. சோறு திங்கற சத்தத்தக் கேட்டதில்ல. அழுதா அந்தச் சத்தத்தக்கூடக் கேட்டதில்லீன்னா பாத்துக்கோ!" என்று சொல்லிவிட்டுப் பெருமையாக எல்லோரையும் பார்த்தார். எல்லோரும் கைதட்டினார்கள்.

பெண்கள் டேஸ்ட் பார்க்கக்கூடாது என்று பேரவையில் விதி ஏதும் இல்லை. பெண்கள் எப்படிப் பார்க்க வேண்டும் என்றும் விதி இல்லை. எனவே எங்களை வராந்தாவில் உட்காரவைத்துவிட்டு விதி செய்யப் போனார்கள். மழை பிடித்துக்கொண்டது. ராஜகுமாரி ஸ்பூனைத் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தாள். ரெண்டு மணி நேரம் கழித்துக் கூப்பிட்டு, 'மகளிர் சுவைப்பு நடத்தை விதிகள்' என்று ஒரு தாளைக் கொடுத்தார்கள். பெண் டேஸ்டர் இடது கையால் வாயை மறைத்துக்கொள்ள வேண்டும். உறிஞ்சல் ஒலி நாற்பது டெசிபலைத் தாண்டக்கூடாது. துப்புதல் பெண்மைக்கு இழுக்கு என்பதால் விழுங்கிவிட வேண்டும். ருசி பிடித்திருந்தாலும் பிடிக்காவிட்டாலும் முகம் ஒரே மாதிரி இருக்க வேண்டும்.

"எல்லாத்தையும் முழுங்கினா நெஞ்சு படபடன்னு அடிக்குமுங்களே ஐயா," என்றாள் ராஜகுமாரி.

"அடிக்கட்டும்மா, அது உள்ளதானே அடிக்குது? வெளிய கேக்காது," என்றார் வெள்ளியங்கிரி.

ஒரு உறுப்பினர் செல்போனில் சத்தத்தை அளக்கும் ஆப்பைத் திறந்து மேஜைமேல் வைத்தார். ராஜகுமாரி இன்னும் ஸ்பூனையே எடுக்கவில்லை, அது அறுபத்திரண்டு காட்டியது. தகரத்தில் விழுந்த மழை. "ஐயா, மழைங்க," என்றேன். "மழையை நாங்க கட்டுப்படுத்த முடியாதுங்க. விண்ணப்பதாரரைத்தான் முடியும்," என்று சொல்லி அந்த அறுபத்திரண்டை அவள் பெயரிலேயே எழுதச் சொன்னார்கள்.

அவள் விழுங்க ஆரம்பித்தாள். பத்தாவது கோப்பையில் நெற்றி வேர்த்தது, அந்தக் குளிரில். இருபதில் ஸ்பூன் கோப்பை விளிம்பில் கடகடவென்று தட்டியது. அந்தச் சத்தத்தையும் குறித்துக்கொண்டார்கள். முப்பதில் வாயை மூடிய இடது கைக்கு மேலே கண் ரெண்டும் சிவந்துபோய் என்னைப் பார்த்தன. நான் தலையைக் குனிந்து எழுதிக்கொண்டிருந்தேன். எனக்கும் மாசாமாசம் சம்பளம் வேண்டும், ஒளித்துச் சொல்ல என்ன இருக்கிறது? நாற்பதாவது கோப்பையை முடித்ததும் அவள் வெளியே ஓடி, மாடிப்படிக்குக் கீழே வாந்தி எடுத்தாள். அதைச் சத்தமில்லாமல்தான் எடுத்தாள்.

நாற்பதில் பத்தொன்பது தப்பு. எப்படித் தப்பாமல் இருக்கும்? காற்றே போகாத நாக்கு என்ன செய்யும்? ஆனால் பேரவை நெகிழ்ந்துபோய்விட்டது.

"தப்பு நெறைய இருக்குதுங்க. ஆனா எவ்வளவு அடக்கமான தப்பு!" என்றார் வேலாமணி அம்மாள். ஒழுக்கத்துக்கு நூற்றுக்குத் தொண்ணூற்றாறு, மழைக்காக நான்கு குறைத்து. சுவைக்கு மட்டும் தேறவில்லை. சத்தமாக உறிஞ்சினால் ஒழுக்கம் போகும், சத்தமில்லாமல் உறிஞ்சினால் ருசி போகும், ஆகவே அவள் எப்படிப் பார்த்தாலும் தேற வழியில்லை. இதை நான் பணிவாக எடுத்துச் சொன்னபோது வெள்ளியங்கிரி வெகுநேரம் யோசித்தார்.

"விதியும் மீறக்கூடாது, பாவம் அந்தப் பொண்ணுக்கும் ஒரு வழி பண்ணோணும். சத்தம்தானே இடைஞ்சல்? சத்தத்த ஒரு ஆம்பள போடட்டுங்க!"

நான் விளையாட்டாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். அடுத்த வாரமே அது தீர்மானமாக வந்துவிட்டது. பெண் விண்ணப்பதாரர் ஒவ்வொருவருக்கும் ஓர் ஆண் 'ஒலி உதவியாளர்'. பெண் சத்தமில்லாமல் சுவைக்கும் அதே நேரத்தில் அவர் பக்கத்தில் நின்று உறிஞ்சித் துப்புவார். இருவரும் திரைக்குப் பின்னால் இருக்க வேண்டும், ஒலி மட்டும் சபைக்குக் கேட்க வேண்டும்.

எங்கள் ஃபேக்டரியில் எடை போடும் வசந்த்குமாரைப் பிடித்தோம். சாதுவான பையன், இருபத்தாறு வயசு, காபி குடிக்கிறவன். டீயின் நிறத்தைத் தவிர வேறெதுவும் அவனுக்குத் தெரியாது. ஒன்றாம் தேதிக்கு இன்னும் ஐந்தே நாள் இருந்தது.

திரை கட்டி முடித்ததும் வேலாமணி அம்மாள் எழுந்தார். "ஏனுங்க, ஒரு ஆம்பளையும் பொம்பளையும் திரைக்குப் பின்னால தனியா நிக்கறதாவது! வெளிய உறிஞ்சற சத்தம் வேற கேக்கும். நாளைக்கு நாலு பேரு என்ன பேசுவாங்க?"

பேரவைக்கு நியாயமாகப் பட்டது. திரையை எடுக்கலாம் என்றால் அவள் வாய் தெரியும். திரை இருந்தால் நாலு பேர் பேசுவார்கள். கடைசியில், வசந்த்குமார் ராஜகுமாரியின் தம்பி என்று இருவரும் முத்திரைத்தாளில் உறுதிமொழி எழுதிக் கொடுக்க வேண்டும் என்று முடிவாயிற்று. அதற்கு ஒரு மணி நேரம். அப்புறமும் சந்தேகம் தீராமல், திரைக்குள் ஒரு சாட்சி உட்கார வேண்டும் என்றார்கள். அந்தச் சாட்சி நான்.

திரைக்குள் மூன்று பேர், நாற்பது கோப்பை, ஒரு துப்புத் தொட்டி. வசந்த்குமார் முதல் கோப்பையை உறிஞ்சினான். ராஜகுமாரி வாயை மறைத்துக்கொண்டு சத்தமில்லாமல் இழுத்தாள். ஒன்றும் பிடிபடவில்லை என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. ரெண்டாவதும் அப்படியே. மூன்றாவதுக்கு ஸ்பூனை எடுத்தவள் ஒரு நொடி நிறுத்தினாள். இடது கையை வாயிலிருந்து இறக்கினாள். வசந்த்குமாரைப் பார்த்துக் கண்ணால் ஒன்று, ரெண்டு, மூன்று என்று எண்ணினாள்.

சர்ர்ர்! இருவரும் ஒரே சமயத்தில். வெளியே ஒரு சத்தம்தான் கேட்டிருக்கும். தொட்டியிலும் ஒன்றாகவே துப்பினார்கள். அவள் பட்டென்று கிரேடை எழுதினாள். முதல் ரெண்டு கோப்பைக்கும் திரும்பிப் போய் அதே மாதிரி பார்த்து எழுதினாள். நான் சாட்சி. நான் வாயைத் திறந்தால் அவள் வாழ்க்கை போயிற்று. நல்லவேளை, வாயைத் திறப்பது என் வழக்கமில்லை.

பதினேழாவது கோப்பையில் வசந்த்குமாருக்குப் புரையேறிவிட்டது. அவன் சத்தம் பாதியில் அறுந்தது. அவளுடைய உறிஞ்சல் மட்டும் ஒரு கணம் தனியாக, சன்னமாக, நீளமாகக் கேட்டது. திரைக்கு வெளியே நாற்காலி நகர்ந்தது.

"உள்ள என்னங்க அது?" வெள்ளியங்கிரியின் குரல். திரையின் ஓரத்தில் நான்கு விரல்கள் தெரிந்தன. ராஜகுமாரி ஸ்பூனை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றாள்.

"பையனுக்குப் பொரையேறிருச்சுங்க," என்றேன் நான். என் குரல் எனக்கே யாருடையதோ என்று இருந்தது. விரல்கள் மெதுவாக மறைந்தன.

நாற்பதுக்கு நாற்பதும் சரி. வெள்ளியங்கிரியின் சொந்தத் தோட்டத்துத் தூள் மாதிரியில் ஈரம் தட்டியிருந்ததைக்கூடக் கண்டுபிடித்து எழுதியிருந்தாள். பேரவை ஒரு மணி நேரம் கூடிப் பேசியது. பிறகு எல்லோரும் எழுந்து நின்றார்கள், வெள்ளியங்கிரி சான்றிதழைப் படித்தார்.

"...நாற்பது மாதிரிகளையும் பிழையறச் சுவைத்த திரு. வசந்த்குமார் அவர்களுக்கு..."

வசந்த்குமார் பின்னால் திரும்பி வேறு வசந்த்குமார் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தான்.

"ஐயா, கிரேடு எழுதினது நானுங்க," என்றாள் ராஜகுமாரி.

"எழுதினது நீதான் கண்ணு, ஆரு இல்லீன்னாங்க?" என்றார் வெள்ளியங்கிரி வாஞ்சையோடு. "போன வாட்டி நீ தனியாப் பாத்தே, பத்தொம்பது தப்பு. இந்த வாட்டி தம்பி கூட நின்னு உறிஞ்சினாப்ல, ஒரு தப்பில்ல. அப்ப நாக்கு ஆருது? சயின்ஸ் படி பாத்தாலும் உறிஞ்சாம ருசி தெரியாதும்மா. நீ உறிஞ்சலதானே?"

உறிஞ்சினேன் என்றால் விதி மீறல், சான்றிதழ் ஒருவருக்கும் இல்லை. உறிஞ்சவில்லை என்றால் நாக்கு அவளுடையது இல்லை.

ராஜகுமாரி என் பக்கம் திரும்பினாள். "கிளார்க் அண்ணா, நீங்க உள்ளதானே இருந்தீங்க?"

ஆமாம், உள்ளேதான் இருந்தேன். நாற்பது தடவையும் பார்த்தேன். ஐந்து நல்ல மனிதர்கள் என்னைப் பார்த்துப் புன்னகை செய்தார்கள். நான் பேனா மூடியைத் தேட ஆரம்பித்தேன். அந்த மூடி என் சட்டைப் பையில்தான் இருந்தது, எனக்கு அது தெரியும்.

ஒன்றாம் தேதி முதல் வசந்த்குமார் எங்கள் டேஸ்டர். சும்மா சொல்லக்கூடாது, உறிஞ்சுவதில் தேறிவிட்டான். உறிஞ்சிவிட்டு எல்லாக் கோப்பைக்கும் 'நன்று' என்று எழுதினான். ராஜகுமாரி பழையபடி வெந்நீர் ஊற்றினாள். இந்த மாதம் முடியும் வரைக்கும்தான், சான்றிதழ் இல்லாதவள் இனி டேஸ்டிங் ரூமில் இருக்கக்கூடாதாம், அதற்குள் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். வசந்த்குமார் பயந்துபோய் அவள் முகத்தைப் பார்ப்பான். அவளோ விதிப்படி ஒரே மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நிற்பாள். முதல் வாரமே ரெண்டு லாட் சரக்கு திரும்பி வந்தது. ரெண்டாம் வாரம் ஆறு.

அந்த வெள்ளிக்கிழமை காலை, சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டுவதற்காக வெள்ளியங்கிரியும் வேலாமணி அம்மாளும் ஃபேக்டரிக்கே வந்துவிட்டார்கள். ஆபீஸில் உட்காரவைத்து முறுக்குக் கொடுத்திருந்தோம். அதே நேரத்தில் வியாபாரியிடமிருந்து மேனேஜருக்குப் போன். இன்றைக்குப் போகிற சரக்கும் திரும்பினால் இனி எங்களிடம் எடுப்பதில்லை.

குமாரசாமி டேஸ்டிங் ரூமுக்குள் ஓடிவந்தார். நானும் பின்னாலேயே போனேன், ராஜகுமாரியும் வசந்த்குமாரும் உள்ளேதான் இருந்தார்கள். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்.

"ராஜகுமாரி, நீ பாத்துச் சொல்லும்மா. நல்லாவே உறிஞ்சு. கதவு சாத்தியிருக்குது, ஒருத்தருக்கும் கேக்காது. கையெழுத்த வசந்த் போட்டுக்குவான். உன் குவார்ட்டர்ஸுக்கு நானாச்சு."

அவள் கெட்டிலைக் கீழே வைத்தாள். ஏப்ரனை எடுத்துக் கட்டிக்கொண்டாள். ஸ்பூனைக் கையில் எடுத்துக்கொண்டு, "கதவத் தொறந்து வைங்க சார்," என்றாள்.

"ஏம்மா வெளயாடற? ஆபீஸ்ல அவங்க ரெண்டு பேரும் உக்காந்திருக்காங்க!"

"அதனாலதாங்க சார் தொறக்கச் சொல்றேன். தொறந்தா பாக்கறேன். இல்லீன்னா வசந்த் தம்பியே பாக்கட்டும்."

குமாரசாமி அவளைப் பார்த்தார், கோப்பைகளைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். கதவுப் பக்கம் மட்டும் போகவில்லை. சரக்கு ஏற்றிய லாரி ஸ்டார்ட் ஆகிற சத்தம் கேட்டது. எனக்கு என்ன ஆயிற்று என்று இன்றுவரை தெரியாது. நான் போய்த் தாழ்ப்பாளை நீக்கினேன். ரெண்டு கதவையும் விரியத் திறந்து, காற்றில் மூடிக்கொள்ளாமல் இருக்கக் கல்லை வேறு முட்டுக் கொடுத்தேன்.

சர்ர்ர்ர்ர்.

வெளியே இலை மூட்டையோடு எடைக்கு நின்றிருந்த பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள். ஆபீஸிலிருந்து வெள்ளியங்கிரி பாய்ந்து வந்து வாசலில் நின்றார், கையில் பாதி முறுக்கு. அவருக்குப் பின்னால் வேலாமணி அம்மாள்.

"ஆரது? ஆரு உறிஞ்சினது இப்ப?"

"நான்தானுங்க ஐயா!" என்றான் வசந்த்குமார் பதறிப்போய். பாவம், நல்ல எண்ணத்தில்தான் சொன்னான். ஆனால் அவன் கையில் ஸ்பூனே இல்லை.

ராஜகுமாரி நிதானமாகத் தொட்டியில் துப்பினாள். புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"இல்லீங்க. நான்," என்றாள். "இதுல பொக நாத்தம் அடிக்குதுங்க சார், இந்த லாட்ட லாரில இருந்து எறக்கச் சொல்லுங்க."

குமாரசாமி லாரியை நோக்கி ஓடினார். வெள்ளியங்கிரி ஏதோ விதி சொல்ல வாயெடுத்தார். வேலாமணி அம்மாளோ ராஜகுமாரியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். ராஜகுமாரி அடுத்த கோப்பையில் ஸ்பூனை விட்டு, வாசலைப் பார்த்துத் திரும்பி நின்று, முன்னைவிடப் பலமாக உறிஞ்சினாள்.